சாமியிடம் கேட்டு வாங்கிய ஆம்ப்ளிபயர்

தைவானின் டோங்ஷி துறைமுகத்தில் வான்ஜென்னைத் தெரியாதவர்கள் கிடையாது. வயது ஐம்பத்தொன்று. பதின்மூன்று வயதில் கையில் பிடித்த சிப்பிக் கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. ஒரு கூடைச் சிப்பியை அவள் உடைத்துச் சதையை எடுத்துத் தண்ணீரில் போட்டு முடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முக்கால் கூடையைத் தாண்டியிருக்க மாட்டாள். குரலும் அப்படித்தான். தெருமுனையில் அவள் தும்மினால் படகுத்துறையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். இப்பேர்ப்பட்ட பெண்மணி நான்கு வருடமாக ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள், அதில் ஒரு சத்தம்கூட இதுவரை ஒருவர் காதிலும் விழுந்ததில்லை என்றால் அதை என்னவென்று சொல்வது?

குழுவில் மூன்றே பேர். மீன் ஏலக்கூடத்தில் விலை கூவும் லூங்பின் டிரம்ஸ் வாசிப்பான். ஏலத்தில் கத்தியே பழகியதால் அவனுக்கு மெல்ல என்று ஒன்று தெரியாது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் சுமெய் கிட்டார் வாசித்துப் பாடுவாள். பேஸுக்கு ஆள் கிடைக்காமல் இருந்தபோது அவள்தான் வான்ஜென்னைப் பிடித்தாள்.

"நாலே கம்பிதான் அக்கா. சிப்பியையே பிளக்குற விரலுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

வேலையாகத்தான் இருந்தது. ஆனால் வான்ஜென் விடவில்லை. மதியம் சிப்பிக் கழிவை வாரிப் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பழகினாள். பயிற்சி ஞாயிறு மதியம், மூன்றாம் இளவரசர் கோயில் மண்டபத்தின் வாசல் ஓரத்தில். அவளுடைய கிட்டாரைக் கோயிலின் பழைய கரோக்கிப் பெட்டியில்தான் செருகுவார்கள். சுமெய்யின் குரலும் அதில், சுமெய்யின் கிட்டாரும் அதில். மனிதக் குரலுக்கென்று செய்த பெட்டி அது. பேஸ் கிட்டாரின் அடியாழச் சத்தத்தை அது என்ன செய்யும்? விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

போன வருடம் இளவரசர் சாமியின் பிறந்தநாளுக்கு இவர்கள் கோயில் முற்றத்தில் வாசித்தார்கள். வான்ஜென்னின் கணவன் மிங்தே அதை முழுக்க அலைபேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டான். ஐந்து நிமிடத்தில் தைபேயிலிருந்து வான்ஜென்னின் அக்காவிடமிருந்து பதில்: "பாட்டு பிரமாதம். ஆனா என் தங்கச்சி ஏன் அந்தக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறா? அவளுக்கு மட்டும் கரண்ட் இல்லையா?"

மிங்தே அதற்கு மூன்று சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினான். பாவி, அதையாவது செய்யாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு வான்ஜென் சொன்னாள்:

"அடுத்த பிறந்தநாளுக்கு நான் வாசிக்கிறது கேக்கணும். கேக்கலேன்னா கிட்டாரைக் கொண்டுபோய்க் கடல்ல இறக்கிடுவேன். அதுல சிப்பியாவது ஒட்டட்டும்."

சிரிப்பு வந்தாலும் மிங்தே சிரிக்கவில்லை. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

அப்படித்தான், சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் வரும் சாமியின் பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருக்கையில், மிங்தேயின் சிறிய லாரியில் இருவரும் ஜியாயி நகரத்துக்குப் போனார்கள். அங்கே குவோ என்பவரின் இசைக்கருவிக் கடை. குவோ தலைநரைத்த, பொறுமைசாலியான மனிதர். அன்று பொறுமை அவருக்கு நிறையவே தேவைப்பட்டது.

"பேஸுக்கு ஆம்ப்ளிபயர் வேணும்," என்றாள் வான்ஜென்.

"வீட்ல பழகவா, குழுவோடவா?"

"குழுவோட. எங்க டிரம்ஸ்காரன் மீன் ஏலம் விடுறவன்."

"புரியுது," என்றார் குவோ. உண்மையாகவே புரிந்துகொண்டார்போல. இரண்டைக் காட்டினார். ஒன்று சின்னது, ஒரு கையால் தூக்கலாம். இன்னொன்று அவள் இடுப்பு உயரம். கீழே சக்கரம் வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் மிங்தே, "இது குளிர்ப்பெட்டி இல்லையா?" என்று கேட்டான்.

வான்ஜென் குனிந்து சின்னதை விரல் முட்டியால் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். பிறகு பெரியதைத் தட்டினாள், மேலே, பக்கத்தில், பின்னால்.

"என்னம்மா பண்றீங்க?"

"செத்த சிப்பி தட்டினா டொக்குனு காலியா கேக்கும். உசிரோட இருக்கிறது கெட்டியா பதில் சொல்லும். சின்னது செத்துப்போச்சு."

"அது புதுசும்மா! நேத்துதான் பெட்டியைப் பிரிச்சேன்!"

"புதுசா செத்திருக்கு."

குவோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தட்டிப் பார்த்து வாங்குகிற பொருள் இல்லை இது, வாசித்துப் பார்க்க வேண்டும், அதுவும் டிரம்ஸ் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். "எங்க வாசிப்பீங்க?" என்று கேட்டார். கோயிலில் என்றாள். அப்படியானால் தான் விலை பேசுவதில் அர்த்தமே இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"சாமிகிட்ட கேட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ரெண்டையும் கொண்டுபோங்க. அவர் எதைச் சொல்றாரோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பி அனுப்புங்க. போன வருஷம் ஒரு கோயில்ல டிரம்ஸையே வேணாம்னு திருப்பிட்டார் அந்த ஊர்ச் சாமி. நமக்கு எதுக்கு வம்பு?"

ஞாயிறு மதியம் இரண்டு பெட்டிகளும் மண்டபத்து வாசலில் இறங்கின. லூங்பின் பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் தலைமேல் ஒரு பச்சைக் கொறிப்புப் பொட்டலத்தை வைத்தான். அந்த ஊர் நம்பிக்கைப்படி இயந்திரம் என்று எது வந்தாலும் அதன்மேல் பச்சைப் பொட்டலம் இருக்க வேண்டும். அப்போதுதான் அடம் பிடிக்காமல் வேலை செய்யும். தேதி முடிந்துபோன பொட்டலம் ஆகாது. அதையும் திருப்பிப் பார்த்துத்தான் வைத்தான்.

"எனக்குச் சின்னது போதும்னு தோணுது," என்றாள் சுமெய். "இந்தப் பூதத்தை உள்ள விட்டா நான் பாடுறது யாருக்குக் கேக்கும்?"

"நாலு வருஷமா என்னைப் பத்தி அப்படி ஒருத்தரும் கவலைப்படலையே," என்றாள் வான்ஜென்.

சுமெய் குனிந்து தன் கிட்டாரைச் சுருதி சேர்க்க ஆரம்பித்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஷுய்மூ பெரியப்பா பிறைக் கட்டைகளோடு வந்தார். இரவில் கோயிலுக்குள் தங்கும் பொருள் எதுவானாலும், துடைப்பம் உட்பட, சாமியைக் கேட்காமல் அவர் உள்ளே விடமாட்டார். கட்டைகள் இரண்டு; ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. போட்டதில் ஒன்று தட்டை காட்டி ஒன்று உருண்டை காட்டினால் சாமி சரி என்கிறார். அப்படி அடுத்தடுத்து மூன்று முறை விழ வேண்டும். இரண்டும் உருண்டை காட்டினால் கூடாது. இரண்டும் தட்டை காட்டி மல்லாந்து ஆடினால், சாமி சிரிக்கிறார்.

வான்ஜென் மண்டியிட்டாள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் முறைப்படி சொல்லிவிட்டு, "பெரியது இருக்கட்டுமா?" என்று கேட்டுப் போட்டாள். கட்டைகள் இரண்டும் மல்லாந்து ஆடின.

"சின்னது?"

மறுபடி சிரிப்பு.

"அப்ப பெரியதா?"

மூன்றாம் முறையும் சிரிப்பு. லூங்பினும் சிரித்துவிட்டான். பெரியப்பா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"தப்பு உங்க மேல. அவர் சின்னப் பையன்," என்றார் பெரியப்பா. உண்மைதான். மூன்றாம் இளவரசர் குழந்தைச் சாமி. அவர் முன்னால் இருக்கும் படையல் மேசையில் பழத்தைவிட மிட்டாய் அதிகம். பால் புட்டி, பம்பரம், வரிசையாகச் சின்னச் சின்ன பொம்மைக் கார்கள். "சத்தம் போடுற பெட்டியைக் கொண்டுவந்து வச்சுட்டு, சத்தத்தைக் காட்டாம வேணுமா வேணாமான்னு கேட்டா எந்தப் பையன் சிரிக்க மாட்டான்? வாசிச்சுக் காட்டுங்கடா."

முதலில் சின்னது. பாட்டு தொடங்கிய நாலாவது அடியில் லூங்பினின் டிரம்ஸ் அதை மூழ்கடித்துவிட்டது. வான்ஜென் வாசித்தாள், வாசித்தாள், அக்கா அனுப்பிய பதில்தான் மனதில் ஓடியது.

அடுத்து பெரியது. பக்கத்தில் நின்றுகொண்டு முதல் கம்பியைத் தட்டினாள். ஏதோ கேட்டது, ஆனால் போதவில்லை. டிரம்ஸ் சேர்ந்ததும் இன்னும் போதவில்லை. சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினாள். பாட்டின் நடுவில் இன்னொரு முறை திருகினாள். இத்தனை பெரிய பெட்டியும் இவ்வளவுதானா? பச்சைப் பொட்டலம் நடுங்கி நடுங்கி நகர்ந்து கீழே விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

அப்போது மண்டபத்தின் மறுகோடியில் பெரியப்பா, "ஐயோ!" என்றார்.

மேசைமேல் ஒரு சிவப்புப் பொம்மைக் கார் தானாக ஓடியது. மிட்டாய் ஜாடியைச் சுற்றிக்கொண்டு மேசை ஓரத்துக்கு வந்தது, தயங்கியது, தரையில் குதித்தது. அதன் பின்னாலேயே நீல நிறக் கார் ஒன்று கிளம்பியது.

"விளையாடுறார்!" என்று கத்தினார் பெரியப்பா. "இளவரசர் இறங்கி வந்து விளையாடுறார்! மண்டி போடுங்க எல்லாரும்!"

சுமெய் கிட்டாரோடு விழுந்து கும்பிட்டாள். லூங்பின் குச்சிகளை விட்டுவிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். ஊதுபத்தி வாங்க வந்திருந்த யாரோ இரண்டு பேரும் விழுந்தார்கள். லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த மிங்தேகூட விழுந்தான். வான்ஜென் மட்டும் கழுத்தில் கிட்டார் தொங்க நின்றாள்.

"இதைவிடப் பெரிய பதில் என்ன வேணும்? கட்டையே வேண்டாம்!" என்றார் பெரியப்பா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாற்பது வருஷமா இந்தக் கோயிலைக் கூட்டுறேன். எனக்கு ஒரு தடவைகூட இப்படிக் காட்டினதில்ல."

கார் எப்போது ஓடியது என்று வான்ஜென்னுக்குத் தெரியும். தடித்த கம்பியில், கிட்டார்க் கழுத்தின் மூன்றாவது கட்டத்தை அவள் அமுக்கிய ஒவ்வொரு முறையும்தான் அது நகர்ந்தது. விரலை எடுத்ததும் நின்றது. வாயை மூடிக்கொண்டால் போதும், பெட்டி அவளுடையது. லூங்பின் தரையில் கிடந்தபடியே கண்ணடித்தான், சும்மா இரு என்று.

சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவள் வான்ஜென்னா?

"பெரியப்பா, அது நான்," என்றாள்.

"என்னது?"

"காரை ஓட்டினது சாமி இல்ல. என் கம்பி. மேசை அதிருது. நம்பலேன்னா காட்டுறேன்."

பெரியப்பா முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் சொல்லியாகிவிட்டது. குவோ கொடுத்திருந்த நீள வயரை இழுத்துக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே நடந்து, சாமி மேசைக்கு எதிரில் போய் நின்றாள். விழுந்த காரை எடுத்து மேசைமேல் வைத்தாள். தடித்த கம்பியில், மூன்றாவது கட்டத்தில், ஒரு தட்டு.

கார் நகர்ந்தது. ஆனால் வான்ஜென் காரைப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் அவளை வந்து அடைந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது காலடியில் ஒளிந்திருந்த சத்தம், இந்தக் கோடிக்கு வருவதற்குள் விரிந்து நிறைந்து, தரையிலிருந்து ஏறி நெஞ்செலும்பில் தட்டியது. இன்னொரு தட்டு. இன்னொன்று. பிறகு அவள் காரை மறந்தாள், பெரியப்பாவை மறந்தாள், பாட்டை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். நான்கு வருடமாகத் தன் விரல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்லலாம், மிக நன்றாக இருந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை.

டிரம்ஸ் எப்போது சேர்ந்தது, சுமெய் எப்போது எழுந்து பாட ஆரம்பித்தாள் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. முடிந்தபோது தரையில் நான்கு கார்கள் கிடந்தன.

பெரியப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். கொஞ்ச நேரம் கோபமாக இருக்க முயன்றார், முடியவில்லை.

"சரி. உண்மையைச் சொல்லிட்ட. இப்ப ஒழுங்கா கேளு," என்று கட்டைகளை நீட்டினார். "அந்தப் பெட்டியை அணைச்சுட்டுக் கேளு."

லூங்பின் அணைத்தான். வான்ஜென் மண்டியிட்டு, மிச்சமிருந்த அதிர்வும் கூடாது என்று இடது உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இளவரசரே, காரை ஓட்டினது நான்தான், மன்னிச்சுக்கோ. இனிமே குமிழைப் பாதிக்கு மேல திருக மாட்டேன். பெட்டி பக்கத்துல நிக்காம தள்ளி வந்து நின்னு வாசிப்பேன். உன் பொம்மை விழாம மேசைக்கு ஒரு விளிம்பு அடிச்சுத் தரச் சொல்றேன், என் வீட்டுக்காரர் அடிப்பார்."

"நானா?" என்றான் மிங்தே.

"அடிப்பார். அந்தப் பெரிய பெட்டி இங்க இருக்கட்டுமா?"

போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. சரி.

மறுபடி போட்டாள். சரி.

மூன்றாவது. ஒரு கட்டை மல்லாந்து தட்டையைக் காட்டி நின்றது. மற்றது உருண்டோடி மேசைக்காலில் முட்டி, விழாமல் அதன்மேல் சாய்ந்து விளிம்பில் நின்றுகொண்டது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பெரியப்பா குனிந்து பார்த்தார். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"அக்கா," என்று லூங்பின் காதருகே கிசுகிசுத்தான், "பெட்டிக்குக் கரண்டைப் போடுறேன். ஒரே ஒரு தட்டு. எந்தப் பக்கம் விழணுமோ விழட்டும்."

"போடா."

உள்ளங்கையை இன்னும் இறுக்கினாள். கட்டை நின்றபடி நின்றது.

வெளியே ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. பக்கத்துச் சந்தில் சிப்பி உடைக்கும் பெண்கள் ஆறேழு பேர், கையுறையோடும் கத்தியோடும் படியேறி வந்தார்கள். முன்னால் குவெய்ஜி. முப்பது வருடமாக வான்ஜென்னுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து முக்கால் கூடை உடைப்பவள் அவள்தான்.

"யாருடி அது?" என்றாள் குவெய்ஜி. "எங்க பேசின்ல தண்ணி குதிக்குது. தும் தும்னு அடிக்குது, அதுக்கேத்த மாதிரி கை தானா ஓடுது. நான் ரெண்டு கூடை முடிச்சுட்டேன் இன்னிக்கு! திடீர்னு நின்னுபோச்சு. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். வாசிச்சது யாரு?"

எல்லோரும் வான்ஜென்னைப் பார்த்தார்கள்.

"நீயா?" குவெய்ஜி கிட்டாரைப் பார்த்தாள், ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். "சத்தியமா?"

"நான் பாடினது எப்படி இருந்தது?" என்று கேட்டாள் சுமெய்.

"நீ பாடினியா?"

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. குவெய்ஜி பூட்ஸ் காலோடு உள்ளே வந்து வான்ஜென் எதிரில் நின்றாள்.

"சரி, நீதான்னு வச்சுக்குவோம். ஏன் நிறுத்திட்ட?"

மேசைக்காலில் சாய்ந்திருந்த கட்டை மெல்லச் சரிந்து விழுந்து, உருண்டை முதுகைக் காட்டியது.

"மூணு!" என்று அலறினார் பெரியப்பா. "மூணாவதும் சரி!"

லூங்பின் பெட்டிக்குக் கரண்டைப் போட ஓடினான். மிங்தே கைதட்டினான். பெரியப்பா கட்டையைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் காட்டி, மறுபடி காட்டினார். குவெய்ஜிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மூணு? நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலையே. எங்களுக்கு இன்னும் ஆறு கூடை கிடக்கு. ஏன் நிறுத்தினா இவ?"

வான்ஜென் எழுந்து நின்று, கம்பிகள்மேல் அமுக்கியிருந்த கையை எடுத்தாள்.